பொம்பிளை பார்க்க வந்த கார்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கோப்பி குடித்துப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய முன்னம் போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. மறுநாள் மத்தியானம் வரை அவர்கள் போகவில்லை. போக மனமில்லாமல் இல்லை. கார் ஸ்ரார்ட் ஆகவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. திருகோணமலையில் குண்டு விழுந்து, ஊரை விட்டு ஓடினவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்திருந்த நேரம். எங்களுடைய வீடு உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு மணல் ஒழுங்கையில் இருந்தது. அப்பா தபால் கந்தோரில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது போகிறது என்று அம்மாவுக்குக் கவலை. யுத்தம் முடியட்டும் என்று அப்பா. யுத்தம் முடிய இவளுக்கு நரைச்சுப் போகும் என்று அம்மா.

மாப்பிள்ளைக்குக் கப்பல்துறை என்கிற ஊர். துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் கிளாக்கர். தகப்பன் இல்லை, தாய் மட்டுந்தான். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அம்மா மற்ற எதையும் விசாரிக்கவில்லை.

கார் ஒழுங்கைக்குள் வந்தபோது அயலில் எல்லா வேலிகளுக்கு மேலாலும் தலைகள் தெரிந்தன. மூக்கு நீண்ட பழைய கார். மேலே கன்வஸ் கூரை. விளக்குகள் இரண்டுக்கும் இருட்டடிப்புச் சட்டப்படி பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது, தூங்கி வழிகிற கண்கள் மாதிரி. மாப்பிள்ளையும் தாயும் இறங்கினார்கள். மாமி என்றே எழுதிவிடுகிறேன், பிறகு அப்படித்தான் ஆனா. மெலிந்த, நிமிர்ந்த மனுசி. இறங்கின உடனே சேலையில் ஒட்டின தூசியைத் தட்டி, காரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தா. மாட்டை அவிழ்த்துவிட்டுப் பார்க்கிற பார்வை.

நான் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்ததைவிடக் கோப்பிப் பேணியைத்தான் அதிகம் பார்த்தார். மாமி நான் சமைப்பேனா, தைப்பேனா, சங்கீதம் தெரியுமா என்று கேட்டா. மூன்றுக்கும் என் பதிலை அம்மாவே சொன்னா. அப்பா தந்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

பிறகு மாமி எழும்பி, எல்லாத் தாய்மாரும் சொல்கிற வசனத்தைச் சொன்னா.

"வீட்ட போய் யோசிச்சு அறிவிக்கிறம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அந்த வசனத்தின் வசதி. நாங்கள் வழியனுப்பப் படலையடிக்குப் போனோம். அவர் காரில் ஏறி, தரையிலிருந்த ஸ்ரார்ட்டர் குமிழைக் காலால் மிதித்தார்.

எஞ்சினுக்குள் யாரோ தொண்டையைச் செருமினது போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திரும்பவும் மிதித்தார். திரும்பவும் அதே செருமல். சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். நாங்களும் சிரித்தோம். வேலிக்கு மேலாலும் சிரித்தார்கள். ஐந்தாறு தரம் மிதித்த பிறகு சிரிப்பு எல்லாருக்கும் குறைந்துவிட்டது.

"பற்றரி செத்துப் போச்சு," என்றார் அப்பா. "எனக்கு மின்சாரம் தெரியும் தம்பி. தந்திக் கந்தோரில வருசக்கணக்காப் பற்றரியோட சீவிச்சனான்."

மாப்பிள்ளை விளக்கைப் போட்டுக் காட்டினார். மை பூசாத பாதி பளிச்சென்று எரிந்தது. "பற்றரி செத்தால் விளக்கு இப்பிடி எரியாது ஐயா."

"விளக்கு எரியும். விளக்குக்கு என்ன, கொஞ்சக் கறண்டே காணும்."

"நான் ஸ்ரார்ட்டரை மிதிக்கேக்கயும் வெளிச்சம் மங்கேல்லையே. பாருங்கோ."

அப்பா பார்த்தார். மங்கவில்லை. "அப்ப பற்றரி நல்லாச் சாகேல்லை," என்றார்.

கையால் சுற்றி ஸ்ரார்ட் பண்ணுகிற இரும்புக் கைப்பிடி ஒன்று எல்லாப் பழைய காரிலும் இருக்கும். மாப்பிள்ளை பின்சீற்றுக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். பிறகு தலையை விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தாயிடம் திரும்பினார்.

"அம்மா, அந்தத் தடி எங்க?"

"எடுத்து வீட்ட வச்சிட்டன்."

"ஏன்?"

"நல்ல காரியத்துக்குப் போகேக்க காலுக்குக் கீழ இரும்புத் தடி எதுக்கு? ஆரையும் அடிக்கப் போறமோ?"

அவர் வாய் திறந்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்த வாய் மூடல் எனக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது தள்ளுவது. அயலில் இருந்த ஆண்கள் எல்லாரும் வந்தார்கள். சல்லிக் கடற்கரைப் பக்கமிருந்து கரைவலை இழுத்துவிட்டு வந்த நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். வலை இழுக்கிற மாதிரியே ஏலேலோ பாடித் தள்ளினார்கள். தள்ளத் தள்ளக் கார் முன்னுக்குப் போகவில்லை, கீழுக்குப் போனது. மணல். கடைசியில் பின்சில்லுகள் இரண்டும் பாதிக்குப் புதைந்து, கார் மூக்கை உயர்த்திக்கொண்டு படகு மாதிரி நின்றது. மாமி உள்ளேயே இருந்தா. இறங்கச் சொன்னதற்கு, "நான் இறங்கினால் இது போகாது," என்றா. ஏறியிருந்தும் அது போகவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சைரன் ஊதியது.

வலை இழுக்கிறவர்கள் ஒரு நொடியில் காணாமல் போனார்கள். எங்கள் வளவுக்குள் அப்பா வெட்டுவித்த பதுங்குகுழி ஒன்று இருந்தது, மேலே பனங்குற்றியும் மணலும் போட்டு. எங்கள் மூன்று பேருக்கென்று வெட்டினது. ஐந்து பேரும் அதற்குள் குந்தினோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முழங்கால் என் முழங்காலில் இடிக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு மேலே பனங்குற்றியைப் பார்த்தா. மாமி கண்ணை மூடிக் கோணேசரைக் கூப்பிட்டா. அப்பா, தந்தி அடிக்கும்போது இடிமுழக்கம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம். பயத்தில் எனக்கு வாய் சும்மா இராது.

"இந்தக் காரை ஏன் வாங்கினீங்கள்?" என்று நேரே கேட்டுவிட்டேன்.

அம்மா இருமினா. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போறதுக்கு முன்னம் வித்தவர். நான் போய்ப் பாக்கேக்க எஞ்சின் ஓடிக்கொண்டு நிண்டது. நல்ல சத்தம். நிப்பாட்டிப் போட்டு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிப் பாக்கவேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை."

அந்த இருட்டுக்குள் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மாமி கண்ணைத் திறந்து, "சிரிக்காதேங்கோ, மேல கேக்கும்," என்றா.

ஒன்றும் விழவில்லை. சைரன் ஓய்ந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் செய்தி கொண்டுவந்தார். சீனன்குடாப் பக்கம் வீதியை ஆமிக்காரர் மறித்துவிட்டார்களாம். நாளைக்குத்தான் திறப்பார்களாம். கப்பல்துறைக்குப் போக வேறு வழியில்லை. கைப்பிடியை எடுத்துவரவும் வழியில்லை.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று பேருக்கு அளந்த கூப்பன் அரிசி. இருந்த நெய், பயறு, சீனி எல்லாவற்றையும் அந்தப் பின்னேரப் பலகாரத்திலேயே கொட்டி முடித்திருந்தா, நாங்கள் தினமும் இப்படித்தான் சாப்பிடுகிறோம் என்று காட்டுவதற்காக. இப்போது மரவள்ளிக்கிழங்குதான் இருந்தது.

"இருந்து சாப்பிட்டுப் போங்கோ அக்கா," என்று அழாக்குறையாகச் சொன்னா.

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நேரே குசினிக்குள் போனா. "கிழங்கோ? நல்லதாப் போச்சு. வீட்டிலயும் அதுதான். தேங்காய் எங்க? சம்பல் நான் அரைக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தா. அந்தப் பின்னேரத்தில் முதல் தடவையாக அவவின் தோள் இறங்கினது.

மறுநாள் விடிய நான் எழும்பினபோது மாப்பிள்ளை காருக்குக் கீழே கிடந்தார். அப்பாவின் சாறம் கட்டியிருந்தார். அது அவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே மட்டுந்தான் வந்தது. முந்தின நாள் தலைக்கு எண்ணெய் பூசி வகிடெடுத்து வந்தவர், இப்போது முகமெல்லாம் எண்ணெயாய் இருந்தார்.

ஒழுங்காகத்தான் தொடங்கினார். முதலில் பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்றினார். வெள்ளையாய்ப் பூத்திருந்ததைச் சுரண்டிச் சுடுதண்ணீரால் கழுவினார். பூட்டி மிதித்தார். செருமல். பிறகு ஸ்ரார்ட்டருக்குப் போகிற தடித்த வயரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். செருமல். குமிழுக்குக் கீழே இருந்த சுவிச்சைப் பிரித்து, கரி பிடித்திருந்த செப்புத் துண்டுகளை என்னிடம் வாங்கின நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்தார். அந்த அரம் பிறகு நகத்துக்கு உதவவில்லை. பூட்டி மிதித்தார். செருமல். கடைசியில் ஸ்ரார்ட்டரையே கழற்றி எடுத்து, எங்கள் விறாந்தையில் பேப்பர் விரித்துப் பிரித்துப் போட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. துடைத்துப் பூட்டினார்.

மிதிக்க ஆள் வேண்டியிருந்தது, அவர் முன்மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நிற்க. அப்பா ஏறி உட்கார்ந்தார். குமிழை மிதிக்கச் சொன்னால் பிரேக்கை மிதித்தார். பிரேக்கை விடச் சொன்னால் ஹோர்ன் அடித்தார். கடைசியாகச் சரியாக மிதித்தபோது எஞ்சின் செருமினது.

"பற்றரிதான்," என்றார் அப்பா.

மாப்பிள்ளை கையிலிருந்த, மரை திருகுகிற சாவியை மணலில் எறிந்தார். வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. துறைமுகத்தில் பழகின சொல். அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மாப்பிள்ளை உடனே, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ," என்றார், அப்பாவிடம் இல்லை, என்னிடம். பிறகு போய்ச் சாவியைத் தேடி எடுத்து, மணலை ஊதித் துடைத்தார்.

"ஐயா இறங்கட்டும்," என்றார். "அவவை ஏறச் சொல்லுங்கோ."

"பொம்பிளைப் பிள்ளை என்னெண்டு?" என்றா அம்மா.

"ஏன், நீங்கள் ஏறுறீங்களோ?" என்று மாமி கேட்டா. "எனக்கு ஏலாது. எனக்குக் கறண்ட் அடிக்கும்."

நான் ஏறினேன். அதுவரைக்கும் நான் காருக்குள் இருந்ததே இல்லை. அவர் முன்மூடிக்குப் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். "அந்தா அந்தக் குமிழைக் காலால மிதிக்க வேணும். முன்னுக்குத் தகட்டில சின்னக் கைப்பிடி ஒண்டு இருக்கு, சோக் எண்டு சொல்லுறது. எஞ்சின் குளிர்ந்து போச்சு, அதை இழுத்தால்தான் பெற்றோல் கூட வரும். விட்டால் உள்ளுக்குப் போயிடும். அதால இழுத்துப் பிடிச்சுக்கொண்டே மிதியுங்கோ."

இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். செருமல்.

"விடாதேங்கோ. மிதியுங்கோ."

மிதித்தேன். விரலில் ஏதோ சுருக்கென்றது. பயம் என்று நினைத்தேன்.

"இன்னும்!"

"சுடுது!" என்று கத்திக் கையை உதறினேன்.

"எது?"

"இது! இந்தச் சோக்! இந்தா புகையும் வருது!"

தகட்டிலிருந்து எஞ்சினுக்குப் போகிற மெல்லிய கம்பியின் மேலுறையிலிருந்து நீலப் புகை ஒரு நூல் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா தண்ணீர் வாளியோடு ஓடிவந்தா. மாமி, "நான் சொன்னனான், கறண்ட் எண்டு," என்றா. மாப்பிள்ளை அசையவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மடையன் நான்," என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, எல்லாருக்கும் கேட்க: "நான் ஒரு முழு மடையன்!"

அப்படியே மணலில் படுத்து எஞ்சினுக்குக் கீழே புகுந்தார். சாறத்துக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தின.

பற்றரியிலிருந்து ஸ்ரார்ட்டருக்குக் கறண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பிப் பற்றரிக்கு வரவும் வேண்டும். போகிற வழி எல்லாவற்றையும் அவர் துடைத்துவிட்டார். வருகிற வழியை நினைக்கவே இல்லை. எஞ்சின் றப்பர்க் கட்டைகளில் இருக்கிறது, றப்பருக்கூடாகக் கறண்ட் போகாது. அதற்காகவே எஞ்சினையும் காரின் சட்டத்தையும் இணைத்து ஒரு செப்புக் கம்பிப் பட்டை போட்டிருப்பார்கள். அது கடற்காற்றில் பச்சையாய்ப் பூத்து, அரித்து, அறுந்து தொங்கியது. பெரிய வழி அடைபட்டதும் அவ்வளவு கறண்டும் திரும்பிவர வேறு வழி தேடி, இந்த மெல்லிய சோக் கம்பிக்குள் நெருக்கி அடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

"அதுதான் சுட்டது," என்றன கால்கள். "அவ பிடிச்சிருக்காட்டில் நான் பற்றரியைத்தான் மாத்தியிருப்பன்."

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "ஏர்த்!" என்றார். "இது எங்கட தந்தித் தத்துவம் எல்லோ! தந்திக்குப் போறதுக்குத்தான் கம்பி. திரும்பி வாறது நிலத்தால. நான் நேற்றே சொன்னனான்!"

"நீங்கள் நேற்றுப் பற்றரி எண்டு சொன்னீங்கள்," என்றா அம்மா.

"அதுக்கு முதல் சொன்னனான். கோப்பி குடிக்கேக்க."

உண்மையில் சொல்லியிருக்கலாம். கோப்பி குடிக்கும்போது அவர் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

அறுந்த பட்டைக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி வேண்டும். யுத்தகாலத்தில் செப்புக்கு எங்கே போவது? மாப்பிள்ளை வெளியே வந்து, மணலில் இருந்தபடி யோசித்தார். யோசித்துக்கொண்டே அண்ணாந்தார். எங்கள் வீட்டு முருங்கை மரத்திலிருந்து பனைமரத்துக்கு அப்பா கட்டியிருந்த றேடியோ ஏரியல் வெயிலில் பளபளத்தது. நல்ல முறுக்குச் செப்புக் கம்பி. அப்பா தினமும் அதற்குக் கீழே நின்றுதான் யுத்தச் செய்தியை அயலுக்கு விளம்புவார்.

"இல்லைத் தம்பி," என்றார் அப்பா, அவர் கேட்க முன்னமே.

"நான் ஒண்டும் கேக்கேல்லை ஐயா."

"யுத்தம் முக்கியமான கட்டத்தில நிக்குது."

"றேடியோ கதைக்காட்டிலும் இந்த வீட்டில கதைக்க ஆள் இருக்கு," என்று அம்மா சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்துக்கொண்டு முருங்கையடிக்குப் போனா.

கம்பி நீளம், ஆனால் மெல்லிசு. துண்டு துண்டாய் வெட்டி, பலதாய்ச் சேர்த்தால்தான் ஸ்ரார்ட்டருக்குப் போதும். சேர்த்து முறுக்கப் பார்த்தார், விரிந்து விரிந்து போனது. மாமி பார்த்துக்கொண்டு நின்றா. பொறுக்க ஏலாமல் போய்ப் பறித்தா.

"தா இஞ்ச. தலை பின்னுற எங்களுக்குத் தெரியாதோ?"

மாமி ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்தா. அம்மா எதிரே இருந்து கம்பிகளை மூன்று கற்றையாய்ப் பிரித்துக் கொடுத்தா. "இறுக்குங்கோ அக்கா." "இது இறுக்கம் காணாதோ?" "இன்னும் கொஞ்சம்." இரண்டு பேரும் ஒரு செப்புப் பின்னலைப் பின்னி முடித்தார்கள். ரிப்பன் கட்டாததுதான் குறை. சட்டத்திலும் எஞ்சினிலும் துருவைச் சுரண்டி வெள்ளி மாதிரி மினுக்கி, பின்னலின் இரண்டு முனைகளையும் அவர் திருகாணி வைத்து இறுக்கினார்.

"ஏறுங்கோ," என்றார் என்னிடம். "இனிச் சுடாது."

அம்மா தேங்காயெண்ணெய் பூசித் துணி சுற்றிவிட்ட விரலோடு ஏறினேன். அந்த விரலாலேயே சோக்கை இழுத்து, மிதித்தேன்.

எஞ்சின் ஒரே உதறில் கிளம்பியது. கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் ஆடின. முருங்கையில் இருந்த காகங்கள் கிளம்பின. நான் என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொடக்கின இயந்திரம் அது. இறங்க மனமே வரவில்லை.

சில்லுகளுக்குக் கீழே தென்னமட்டை போட்டார்கள், வலை இழுக்கிறவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். வீதியும் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை முகம் கழுவி, வேட்டி மாற்றினார். எஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை. "நிப்பாட்டினால் திரும்பக் கிளம்பும். ஆனால் எனக்கு நெஞ்சில துணிவில்லை," என்றார். மாமி ஏறி அமர்ந்தா. எஞ்சின் இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. மாமி குனிந்து அப்பாவிடம் ஏதோ சொன்னா.

"என்ன?" என்று அப்பா காதைக் கொடுத்தார்.

"எங்களுக்குச் சம்மதம்!" என்று கத்தினா மாமி.

"சம்பலோ? கொஞ்சம் கட்டித் தரட்டோ?"

"சம்பலில்லை! சம்மதம்! கலியாணத்துக்கு!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வேலிகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. அப்போது மாப்பிள்ளை ஸ்ரீயறிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து, தொண்டை கிழியக் கேட்டார்.

"உங்களுக்கு?"

அந்த நாளில் பெண்ணை ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டாலும் அம்மா அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குள் கேட்பா, பெண் கதவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டுவாள். கோப்பியோடு மட்டும் பார்த்திருந்தால் எனக்கு அவரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? இப்போது அவர் கோபிப்பது தெரியும், கோபம் ஆறுவதும் தெரியும். பிழை விட்டால் தன் தாய்க்கு முன்னாலேயே நான் மடையன் என்பார். ஓடுகிற எஞ்சினைப் பார்த்து மயங்கிக் கார் வாங்குவார். அதையும் ஒளிக்கமாட்டார்.

"ஓம்," என்றேன்.

"என்ன?"

"ஓம்!"

"கேக்கேல்லை!"

"ஓஓம்!" என்று கத்தினேன். என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருந்தால் ஒரு கிழமைக்கு வாய் திறந்திருக்கமாட்டார்கள். வலைக்காரர்கள் கை தட்டினார்கள். அம்மா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டா. உள்ளே அவ சிரித்தாவா அழுதாவா என்று தெரியவில்லை. கார் நிற்காமலே நகர்ந்து, வீதிக்கு ஏறி, ஹோர்ன் அடித்துக்கொண்டு போய் மறைந்தது.

கலியாணம் தை மாதத்தில் நடந்தது. அன்றைக்குக் கார் அருமையாக ஸ்ரார்ட் ஆனதாம். ஆனால் பெற்றோல் கூப்பன் முடிந்து, எங்கள் வீடு வரை வரப் பெற்றோல் போதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கப்பல்துறையிலிருந்து மாட்டுக் கரத்தையில் வந்து இறங்கினார்கள், அத்தனை தூரமும் வெயிலில் குலுங்கிக் குலுங்கி. மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஆராத்தித் தட்டோடு நின்ற அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை:

"மாடு நல்ல மாடு அக்கா. ஹேய் எண்டால் நடக்குது."